சொத்து வரி பாக்கி: கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்து வரி பாக்கி என்று யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்பார்கள், இல்லாவிட்டால் "வீட்டையே ஏலம் விட்டுருவாங்க" என்பார்கள். முதல் பதிலை நம்பியவர் பத்து வருடம் கட்டாமல் விட்டுவிட்டு, மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறார். இரண்டாவதை நம்பியவர் ஒரு நோட்டீஸ் வந்ததும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு இடைத்தரகர் கேட்கிற பணத்தைக் கொடுக்கிறார். இரண்டுமே நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பக்கம். இதில் உள்ளவை தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்குப் பொருந்தும். சென்னைக்கு மட்டும் தனியாக உள்ளதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எந்தத் தேதியைத் தாண்டினால் பாக்கி?

சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை முதல் அரையாண்டு, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இரண்டாவது. அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்கிறார்கள். இதற்கு உச்சவரம்பு ₹5,000. அரையாண்டு முடிந்தும் கட்டவில்லை என்றால் அந்தத் தொகை நிலுவைக் கணக்குக்குப் போய், மாதம் 1 சதவீதம் தனிவட்டி ஏறத் தொடங்கும்.

பில் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் நாமே இணையத்தில் பார்த்துக் கட்டிவிடுவதுதான் வழி.

வட்டி பெரிதாக இருக்குமா?

கணக்குப் போட்டே பார்ப்போம். அரையாண்டு வரி ₹3,000 என்று வையுங்கள். ஒரு மாதத் தாமதத்துக்கு ₹30. பார்க்க ஒன்றுமில்லாத தொகை. ஆனால் ஐந்து வருடம் கட்டாமல் விட்டால் பத்து அரையாண்டு சேர்ந்துவிடும். முதல் அரையாண்டுத் தொகைக்கு 54 மாத வட்டி, அடுத்ததற்கு 48 மாத வட்டி, அதற்கடுத்து 42 என்று இறங்கிக்கொண்டே வரும். எல்லாம் கூட்டினால் வட்டி மட்டும் ₹8,100. அசல் ₹30,000. ஆக மொத்தம் ₹38,100. ஒழுங்காக முதல் மாதத்திலேயே கட்டியவர் இதே ஐந்து வருடத்தில் ₹28,500 மட்டும் கட்டியிருப்பார்.

இது தனிவட்டி என்பதால் வட்டிக்கு வட்டி கிடையாது. கந்துவட்டி மாதிரி குட்டி போடாது. அதனால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர் ஒரே நாளில் ₹38,100 எடுத்து வைக்க வேண்டிவரும்போதுதான் கை நடுங்கும்.

நோட்டீஸ் எத்தனை முறை வரும்? அதன்பிறகு என்ன?

முதலில் கேட்புச் சீட்டு (அதாவது பில்), அப்புறம் கேட்பு அறிவிப்பு (நோட்டீஸ்), அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி வாரன்ட் அல்லது வழக்கு. சட்டம் போட்டிருக்கும் வரிசை இதுதான். நடைமுறையில் இதற்கு நடுவே பில் கலெக்டர் நாலைந்து தடவை வந்து போவார், போன் செய்வார், கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்த வருகை அதிகமாக இருக்கும். நிதியாண்டு முடிவதற்குள் வசூல் இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடி அவருக்கு.

ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த அரையாண்டிலிருந்து எந்த அரையாண்டு வரை பாக்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வரிவிதிப்பு எண் என்ன என்று நான்கையும் அதில் பார்க்க வேண்டும். சென்னை என்றால் மண்டலம், கோட்டம், பில் எண், துணை எண் என்று நான்கு பகுதியாக எண் இருக்கும். அதில் ஒரு இலக்கம் மாறினாலும் அது பக்கத்து வீட்டுக் கணக்கு. மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் துணை எண் மட்டுமே மாறுகிற கட்டடங்களில் ஒருவர் பாக்கி இன்னொருவர் கதவில் ஒட்டப்படுவது நடக்கக்கூடியதுதான்.

ஜப்தி என்றால் வீட்டுக்குள் நுழைந்து சாமான்களை அள்ளிக்கொண்டு போவார்களா?

சட்டத்தில் அந்த அதிகாரம் இருக்கிறது. பாக்கிதாரரின் அசையும் பொருட்களைக் கைப்பற்றி ஏலம் விட்டுப் பாக்கியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலும் இருந்த ஏற்பாடு. உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், கைத்தொழில் செய்பவரின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்ற வரம்பையும் அந்தச் சட்டங்களிலேயே போட்டிருந்தார்கள். அப்படிப் பல சட்டங்களாக இருந்ததை மாற்றி, 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் 2023 விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. இப்போது எல்லா ஊருக்கும் இதுதான் அடிப்படை.

சாதாரணக் குடியிருப்பு வீட்டில் சில ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு வாரன்டோடு வந்து கட்டிலையும் பீரோவையும் தூக்குவது நடைமுறையில் அரிது. ஆனால் "வீட்டைத் தொடவே முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொத்து வரி பாக்கி, நில வருவாய் பாக்கிக்கு அடுத்தபடியாக, அந்தக் கட்டடத்தின் மேலும் மனையின் மேலும் முதல் பொறுப்பாக நிற்கும் என்று பழைய சட்டங்களே சொல்லியிருக்கின்றன. கடன் உங்கள் பெயரில் மட்டும் இல்லை, கல்லிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பின்னே நடைமுறையில் என்னதான் செய்கிறார்கள்?

கடை, ஹோட்டல், திருமண மண்டபம், தியேட்டர் போன்ற வணிகக் கட்டடம் என்றால் சீல். எழும்பூரில் ஒரு பழைய தியேட்டருக்கு அரைக்கோடி ரூபாய் அளவுக்குச் சேர்ந்த பாக்கிக்காகச் சீல் வைத்தது செய்தியானது. பூட்டு விழுந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. அதனால் பல இடங்களில் அன்று மாலைக்குள் பணம் கட்டப்பட்டுவிடும். இதில் பாவம், வாடகைக்குக் கடை வைத்திருப்பவர். வாடகையைத் தவறாமல் கொடுத்திருப்பார், கட்டட உரிமையாளர் வரி கட்டாமல் விட்டதற்கு இவர் கடை மூடிக்கிடக்கும். கடை பிடிக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் கட்டடத்தின் நடப்பு வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

குடியிருப்புகளில் அதிகம் கைவைப்பது குடிநீர் இணைப்பில். நகராட்சிகளில் இது சகஜம். சென்னையில் மட்டும் கணக்கு வேறு: அங்கே குடிநீர், கழிவுநீர் வரியைச் சென்னைக் குடிநீர் வாரியம் தனியாக வசூலிக்கிறது. கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மாநகராட்சிக்குக் கட்டிய ரசீதைக் காட்டி வாரியத்தின் பாக்கி தீர்ந்ததாகச் சொல்ல முடியாது. புதிதாக வீடு வாங்கியவர்கள் இதில்தான் ஏமாந்து நிற்கிறார்கள்.

பெரிய பாக்கிதாரர்களின் பெயர்ப் பட்டியலைச் சென்னை மாநகராட்சி தன் இணையதளத்தில் போட்டது. வாசலில் தண்டோரா போட்ட ஊர்களும் உண்டு. பட்டியல் பெரிய முதலைகளுக்கு என்றால் சரி. ஆயிரம், இரண்டாயிரம் பாக்கி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூனிக் குறுக வைப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

உள்ளாட்சித் தேர்தலில் நிற்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வரி பாக்கி இருந்தால் வேட்புமனுவே சிக்கல். 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது 'நிலுவை இல்லை' சான்று வாங்க வேட்பாளர்கள் அலுவலகங்களில் வரிசை கட்டி நின்றார்கள்.

வீடு வாங்கிய பிறகுதான் பழைய பாக்கி தெரியவந்தது. நான் கட்ட வேண்டுமா, விற்றவர் கட்ட வேண்டுமா?

அதிகம் பேரை அழவைக்கும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீடு வாங்கும்போது எல்லோரும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்குப் போட்டாலும் அதில் சொத்து வரி பாக்கி தெரியாது. பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தான் அந்தச் சான்றில் வரும். வரி பாக்கி அங்கே பதிவாவதில்லை. வக்கீல் 'வில்லங்கம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தது பத்திரங்களைப் பொறுத்தவரை உண்மை. வரியைப் பற்றி அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு சொத்தின் மேல் பொறுப்பு இருப்பது தெரியாமல், விலை கொடுத்து வாங்கியவரிடம் அந்தப் பொறுப்பை அமல்படுத்த முடியாது என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. வேறொரு சட்டம் வெளிப்படையாக வேறுவிதமாகச் சொன்னால் மட்டும் விலக்கு. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஏலத்தில் வீடு வாங்கியவருக்குப் பழைய வரி பாக்கி தெரியாது, ஆகவே அந்த வீட்டின் மேல் மாநகராட்சி கைவைக்க முடியாது என்று தீர்ப்பானது.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் மட்டும் போதாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமா என்றும் நீதிமன்றம் பார்க்கும். இன்று வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் பாக்கியை இணையத்தில் பார்த்துவிடலாம். அப்படியிருக்க, பார்க்கவில்லை என்ற வாதம் நாளுக்கு நாள் பலவீனமாகிறது. அப்புறம் நடைமுறைச் சிக்கல் ஒன்று: வரிக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றப் போனால் பாக்கியைக் கட்டச் சொல்வார்கள். பத்தாயிரம் ரூபாய்க்காக யாரும் உயர் நீதிமன்றம் போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுகிறார்கள்.

ஆகவே கிரையத்துக்கு முன்பே செய்ய வேண்டியது இது. விற்பவரிடம் வரிவிதிப்பு எண்ணை வாங்கி நீங்களே பாக்கியைப் பாருங்கள். இருந்தால், பேசிய விலையிலிருந்து அந்தத் தொகையைப் பிடித்துவைத்து நேரடியாகக் கட்டிவிடுங்கள். 'கிரைய நாள் வரைக்குமான வரி, கட்டணம் யாவும் விற்பவர் பொறுப்பு' என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பின்னாளில் ஏதாவது முளைத்தால் அவரிடம் கேட்க அந்த வரிதான் கைகொடுக்கும்.

காலிமனைக்கும் இது பொருந்தும். காலிமனை வரி என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வீடு கட்ட வரைபட அனுமதி கேட்டுப் போகும் அன்றைக்குத்தான் மொத்த பாக்கியும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

வரி இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே வருகிறது. பாக்கியும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான தெருக்களில் இதுதான் நிலைமை. அப்பா காலமாகி வருடங்கள் ஆகியிருக்கும். மூத்தவர் வெளியூரில், நடுவுள்ளவர் அதே வீட்டில், தங்கை கல்யாணமாகிப் போய்விட்டார். குடியிருக்கிறவர் கட்டட்டும் என்று மற்ற இருவரும், பாகம் எல்லோருக்கும்தானே என்று குடியிருக்கிறவரும் விட்டுவிடுவார்கள். பில் மட்டும் அப்பா பெயருக்கு வந்துகொண்டே இருக்கும்.

வரி கட்ட யார் பெயர் என்பது தடையே இல்லை. எண் தெரிந்தால் அப்பா பெயரிலேயே இன்றைக்கே கட்டிவிடலாம். கட்டியவர் ரசீதைப் பத்திரப்படுத்தி, மற்றவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பிவைத்தால் பாகப் பிரிவினையின்போது கணக்குப் பார்க்க உதவும். பெயர் மாற்றத்துக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி வரி ரசீது ஆகியவை வேண்டும். வாரிசுகளுக்குள் தகராறு என்றால் பெயர் மாற்றம் இழுக்கும். ஆனால் தகராறு தீரும்வரை வரியையும் நிறுத்திவைப்பது எல்லோருடைய பாகத்திலிருந்தும் வட்டியை எடுத்துக் கொடுப்பதாகும்.

நான் கட்டாமல் விட்டு, வேறு யாராவது கட்டினால் வீடு அவருக்குப் போய்விடுமா?

போகாது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. வரிக் கணக்கிலோ வருவாய்ப் பதிவேட்டிலோ பெயர் இருப்பதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனாலும், அனுபவ பாத்தியதை, அதாவது நீண்ட காலம் அனுபவித்து வந்ததால் சொத்து தனக்கே என்று வழக்குப் போடுகிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் காகிதம் வரி ரசீதுதான். தனியாக நிற்காத சாட்சி என்றாலும், உங்கள் வீட்டுக்கு அடுத்தவர் பெயரில் பத்து வருட ரசீது உருவாக ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

வரியை அநியாயமாக உயர்த்திவிட்டார்கள். எதிர்ப்பைக் காட்டக் கட்டாமல் இருக்கலாமா?

கோபத்தில் நியாயம் இருக்கிறது. சென்னையின் பழைய பகுதிகளில் 1998க்குப் பிறகு பொதுச் சீராய்வு இல்லாமலே இருந்து, 2022 ஏப்ரலில் ஒரேயடியாக உயர்த்தினார்கள். 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகளில் இதே அடுக்குகளுக்கு 25, 50, 75, 100 சதவீதம். சின்னச் சின்னதாக ஏற்றியிருக்க வேண்டியதை இருபத்து நான்கு வருடம் கழித்து மொத்தமாக ஏற்றினால் ஓய்வூதியத்தில் வாழ்பவர் என்ன செய்வார்?

ஆனால் கட்டாமல் இருப்பது எதிர்ப்பாகக் கணக்கில் ஏறாது, பாக்கியாகத்தான் ஏறும். அளவு தவறு, வாடகைக்கு விட்டதாகத் தவறாகப் போட்டிருக்கிறார்கள், தெருவின் அடிப்படை மதிப்பு தவறு என்றால் எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். மறு அளவீடு கேளுங்கள். அப்புறம் மேல்முறையீடு. கூடவே வரியையும் கட்டிவிடுங்கள். குறைத்தால் அடுத்த அரையாண்டுகளில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

மனுவுக்குப் பதில் வருவதற்குள் நீதிமன்றம் ஓடினால் என்ன ஆகும் என்பதற்குத் தெரிந்த உதாரணம் இருக்கிறது. 2020இல் நடிகர் ரஜினிகாந்தின் ராகவேந்திரா மண்டபத்துக்கு ஓர் அரையாண்டு வரியாகச் சுமார் ஆறரை லட்சம் ரூபாய் கேட்டு மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. ஊரடங்கில் மண்டபம் மூடிக்கிடந்ததால் குறைக்க வேண்டும் என்று அவர் மனு கொடுத்து, சில வாரங்களிலேயே உயர் நீதிமன்றத்தை நாடினார். மாநகராட்சிக்கு அவகாசம் தராமல் வந்ததற்குச் செலவுத் தொகை விதிக்க நேரும் என்று நீதிபதி எச்சரித்ததும் வழக்கைத் திரும்பப் பெற்று, அபராதத்தோடு வரியைக் கட்டினார். மாநகராட்சியிலேயே முறையிட்டிருக்க வேண்டும் என்று அவரே பின்னர் ட்விட்டரில் எழுதினார்.

அமெரிக்காவில் வரி கட்டாவிட்டால் வீட்டையே எடுத்துக்கொள்வார்களாமே?

அங்கே வீடு வைத்திருக்கும் உறவினர் உள்ளவர்கள் கேட்பது இது. ஆமாம், அங்கே உள்ளாட்சிகளுக்கு அந்த அதிகாரம் உண்டு, பயன்படுத்தவும் செய்கிறார்கள். மினசோட்டா மாநிலத்தில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி சுமார் 2,300 டாலர் வரி கட்டாமல் விட்டார். அபராதமும் வட்டியும் சேர்ந்து அது 15,000 டாலரானது. ஹென்னபின் கவுன்டி என்ற உள்ளாட்சி அவருடைய வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மிச்சமான 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அப்படி வைத்துக்கொள்வது அரசமைப்புக்கு விரோதம் என்று 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது டைலருக்கு வயது 94. மிச்சப் பணத்துக்குத்தான் பாதுகாப்பு வந்தது. வரிக்காக வீட்டை விற்கும் அதிகாரம் அப்படியே இருக்கிறது.

நாங்கள் வெளிநாட்டில் இருக்கிறோம், வீடு பூட்டிக் கிடக்கிறது. வரி உண்டா?

உண்டு. யாரும் குடியிருக்கவில்லை என்பதால் வரி தானாக நிற்காது. மாநகராட்சி இணையதளத்திலோ 'நம்ம சென்னை' செயலியிலோ எங்கிருந்தும் கட்டலாம். கிராமத்து வீடு என்றாலும் இப்போது ஊராட்சி வீட்டு வரியை இணையத்தில் கட்ட வசதி வந்துவிட்டது. ஊரில் யாரிடமாவது பணம் அனுப்பிக் கட்டச் சொல்கிறீர்கள் என்றால், ரசீதைக் கண்ணால் பார்க்கும்வரை கட்டியதாக நினைக்க வேண்டாம்.

வட்டித் தள்ளுபடி அறிவிப்பு வரும் என்று காத்திருக்கலாமா?

ஹைதராபாத் மாநகராட்சி சில ஆண்டுகளில் நிலுவை வட்டியில் 90 சதவீதம் தள்ளுபடி தந்தது. பெங்களூருவிலும் 2024இல் ஒரே தடவையில் தீர்க்கும் திட்டம் வந்தது. இங்கேயும் வரும் என்று நம்பி உட்காருவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த இரண்டு ஊர்த் திட்டங்களிலும் அசலைத் தள்ளுபடி செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் உதவி வருவாய் அலுவலரை நேரில் பார்த்து, எத்தனை மாதத்தில் கட்டுவீர்கள் என்று எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். முதல் தொகையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒளிந்து திரிகிறவரைவிட, எதிரில் வந்து உட்கார்ந்து பேசுகிறவருக்கு அவகாசம் சுலபமாகக் கிடைக்கும்.

கட்டிவிட்டேன். ஆனாலும் கணினியில் பாக்கி காட்டுகிறதே?

இணையத்தில் கட்டும்போது வங்கியில் பணம் கழிந்து, ரசீது வராமல் போனால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். ஓரிரு நாள் பொறுங்கள். அதற்குள் கணக்கில் ஏறிவிடும், இல்லையென்றால் வங்கிக்கே திரும்பிவிடும். காசோலை கொடுத்தவர்கள் அது பாஸ் ஆனதா என்று வங்கிக் கணக்கில் பாருங்கள்.

பல வருடம் முன்பு கட்டியதைப் பாக்கி என்கிறார்கள் என்றால் பழைய கைரசீதுதான் ஆயுதம். பதிவேட்டிலிருந்து கணினிக்கு மாற்றியபோது விட்டுப்போன பதிவுகள் உண்டு. ரசீதின் நகலோடு மண்டல அலுவலகத்திலோ நகராட்சி வருவாய்ப் பிரிவிலோ மனு கொடுங்கள். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரசீதுகளின் மை மங்கிக்கொண்டே வரும், ஆகவே இப்போதே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்துவிடுங்கள்.